வள்ளி திருமணம் தர்க்கத்தில் எதுவரை ஏசலாம்? கமிட்டியில் சொல்ல ஒரு பதில் வேண்டும்

கேள்வி: வயக்காட்டான்

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம். மாரியம்மன் திருவிழாவில் ஒரு ராத்திரி வள்ளி திருமணம் நாடகம் வைப்பது தாத்தா காலத்திலிருந்து வரும் வழக்கம். போன வருடம் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் (பாட்டுக்கு நடுவில் ஒருவரை ஒருவர் மடக்கும் வாக்குவாதம்) நடந்துகொண்டிருந்தபோது, நாரதர் வேடம் போட்டவர் கதையை விட்டுவிட்டு வள்ளியாக வந்த அம்மாவின் உடம்பைப் பற்றியும் அவர் குடும்பத்தைப் பற்றியும் பேச ஆரம்பித்தார். முன்னால் நின்ற பையன்கள் விசில் அடித்தார்கள். பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் பாதிப் பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் அம்மாவும் போய்விட்டார்.

இந்த வருடம் கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு தரப்பு, தர்க்கமே வேண்டாம், கோமாளியும் டான்ஸ் பெண்ணும் ஆடும் பபூன் டான்ஸ் முடிந்ததும் நாலு பாட்டு, அப்புறம் கல்யாணம் என்று முடித்துவிடலாம் என்கிறது. இன்னொரு தரப்பு, ஏச்சும் பேச்சும் இருந்தால்தான் விடியும் வரை கூட்டம் நிற்கும், போன வருடம் நடந்ததில் ஒன்றும் தப்பில்லை என்கிறது. பெரியவர்களைக் கேட்டால், "அந்தக் காலத்திலும் ஏசுவாங்க, ஆனா மரியாதையா ஏசுவாங்க" என்கிறார்கள். மரியாதையாக ஏசுவது எப்படி என்று கேட்டால் அவர்களால் விளக்க முடியவில்லை.

எனக்குத் தர்க்கம் பிடிக்கும். அது போய்விடக் கூடாது என்று நினைக்கிறேன். மேடையில் இருந்தவர்கள், நிறையக் கேட்டவர்கள் யாராவது சொல்லுங்கள். எதுவரை தர்க்கம், எதற்கு மேல் அசிங்கம்? நடிகர்கள் மனம் நோகாமல் முன்கூட்டியே எப்படிச் சொல்வது?

பதில்: மேலூர் வாசகி

நான் சின்ன வயதில் நிறைய நாடகம் பார்த்தவள். என் அனுபவத்தில் தர்க்கம் என்றாலே பெண்ணை மட்டம் தட்டுவதுதான். பெண் புத்தி பின்புத்தி, பெண்ணாகப் பிறந்தவள் தனியாகக் காட்டில் இருக்கலாமா, பெண் பேச்சைக் கேட்டவன் உருப்பட்டானா. ராத்திரி ஒரு மணிக்கு இதையெல்லாம் மைக்கில் கேட்டுவிட்டு, காலையில் எங்கள் வீட்டு ஆண்கள் அதே வசனத்தை அடுப்படியில் வந்து சொல்வார்கள். எழுந்து போன பெண்கள் சரியாகத்தான் செய்தார்கள். மரியாதையான ஏச்சு என்று ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கமிட்டியின் முதல் தரப்பு சொல்வதுதான் நியாயம்.

பதில்: தினைப்புனம்

நான் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம் போடுகிறவள். தொண்ணூறுகளின் கடைசியில் மதுரைக்கு வந்து தோழி வேடத்தில் ஆரம்பித்தவள், இன்றைக்கும் வள்ளி போடுகிறேன். பெயர் போட விருப்பமில்லை. வயக்காட்டான் தம்பி கேட்டது என் பிழைப்பைப் பற்றிய கேள்வி என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் ஊரில் போன வருடம் நடந்தது தர்க்கமே இல்லை. தர்க்கம் நின்றுபோன இடத்தில் நடந்த வேறொன்று. அதற்காகத் தர்க்கத்தை எடுத்துவிடாதீர்கள்.

எங்கள் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. முருகன் போடும் ராஜபார்ட் ஒரு ஊர், நாரதர் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். மதுரை, காரைக்குடி, புதுக்கோட்டை, திண்டுக்கல் என்று அவரவர் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, ராத்திரி ஒன்பது மணிக்குக் கொட்டகைக்குப் பின்னால் சேருவோம். இன்றைக்கு யாரோடு நடிக்கிறோம் என்பதை நோட்டீஸ் பார்த்துத் தெரிந்துகொள்வதும் உண்டு. எங்கள் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்த கதையும் பாட்டும்தான். சுவாமிகள் 1922-இல் மறைந்தார். நூறு வருடம் தாண்டியும் அவர் எழுதியதை வைத்துத்தான் சாப்பிடுகிறோம். ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வரும் பேச்சு எங்களுடையது. எதிரே நிற்பவர் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாது, நான் என்ன திருப்புவேன் என்று அவருக்கும் தெரியாது. முன்பின் பழகாத இரண்டு பேர் ஆயிரம் பேர் முன்னால் ஒருவரை ஒருவர் மடக்க வேண்டும் என்றால், இருவருக்கும் தெரிந்த ஒரு வரம்பு இருந்தே ஆக வேண்டும்.

அந்த வரம்பு மேடைக்கு வெளியிலேயே ஆரம்பித்துவிடும். நாரதர் போடுகிறவர் பெரும்பாலும் மூத்த நடிகராக இருப்பார். அரிதாரம் பூசும்போதே, "அண்ணே, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று காலைத் தொட்டுக் கும்பிடுவேன். "இன்னைக்கு எந்தப் பக்கமாப் போறீங்கண்ணே?" என்று கேட்டால், "இல்லறம் துறவறத்துல போவோம்மா" என்பார். அவ்வளவுதான் ஒத்திகை. பின்பாட்டுக்காரரையும் ஆர்மோனியப் பெட்டியையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் திரையைத் தாண்டுவேன்.

கதைக்குள்ளும் அதே வரிசைதான். நான் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் குருவி விரட்டுகிறேன். நாரதர் வருகிறார். இறங்கி வந்து, "சுவாமி, வாருங்கள்" என்று விழுந்து கும்பிட்டு, உட்காரச் சொல்லி, "அடியாளால் ஆக வேண்டியது என்ன?" என்று கேட்க வேண்டும். அவர், "நல்லா இரும்மா" என்று வாழ்த்த வேண்டும். இதைச் செய்யாமல் நேராக வாக்குவாதத்தில் இறங்கினால், பின்னால் இருந்து ஒரு கிழவராவது "மொதல்ல கும்பிடு தாயி" என்று குரல் கொடுத்துவிடுவார்.

பிறகு மரியாதை படிப்படியாக இறங்கும். நான் "சுவாமி" என்று ஆரம்பித்து, "முனிவரே", "நாரதரே", சூடு ஏறிய பிறகு "ஓய் நாரதரே" வரை போவேன். அவர் "அம்மா வள்ளி" என்பதிலிருந்து "பெண்ணே", "ஏ பெண்ணே" என்று இறங்குவார். இதில்தான் விளையாட்டே இருக்கிறது. முதலில் இறங்கியவருக்கு அந்தச் சுற்று போயிற்று. அவர் "ஏ பெண்ணே" என்று சொன்ன உடனே நான் "என்ன சுவாமி?" என்று இன்னும் பணிந்து கேட்டால் கூட்டம் கை தட்டும். அவருக்குப் பதில் இல்லாமல்தான் குரல் உயர்ந்தது என்று சபைக்குத் தெரிந்துவிடும். நல்ல நாரதர் இதற்கு இடமே கொடுக்க மாட்டார். கடைசிவரை "அம்மா, அம்மா" என்று சொல்லியே என்னைப் புரட்டி எடுத்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் தோற்ற ராத்திரிகள் எனக்கு இன்னும் மனப்பாடம்.

அடுத்து வேடன் வருகிறான். அம்பு பட்ட மான் ஒன்று இந்தப் பக்கம் வந்ததா என்கிறான். எப்படிப்பட்ட மான் என்று கேட்டால் என் கண்ணையும் நடையையும் சொல்கிறான். இங்கே நான் கும்பிட வேண்டியதில்லை. தனியாக இருக்கும் பெண்ணிடம் முன்பின் தெரியாத ஒருவன் வந்து நின்றால் எடுத்த எடுப்பிலேயே "யாரடா நீ?" என்பதுதான் முறை. பதிலுக்கு அவன் என்ன பேசினாலும் கெஞ்சலாகத்தான் பேச வேண்டும். கடைசியில் அவன் முருகன் என்று தெரிந்து, "அடே" என்று கூப்பிட்ட அதே வாயால் "சுவாமி" என்று நான் விழும்போது சபையே கையெடுத்துக் கும்பிடும். முன்னால் நான் உண்மையாக ஏசியிருந்தால்தான் அந்தக் கும்பிடு வரும். நாலு பாட்டு, அப்புறம் கல்யாணம் என்று வெட்டினால் இது எங்கிருந்து வரும்?

சரி, எதை வைத்து ஏசலாம். வேடத்தை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் ஏசலாம். நாரதர் வீடு வாசல் இல்லாமல் மூன்று உலகமும் சுற்றுகிறவர், போகிற இடமெல்லாம் கலகம் மூட்டுகிறவர், தான் கல்யாணம் செய்யாமல் ஊருக்குத் தரகு பார்ப்பவர். வள்ளி மானுக்குப் பிறந்தவள், கிழங்கு தோண்டிய குழியில் கிடந்தவள், நம்பிராஜன் எடுத்து வளர்த்தவள். முருகன் அப்பா சுடுகாட்டில் ஆடுகிறவர், அண்ணனுக்கு யானை முகம், மாமன் வெண்ணெய் திருடியவர், இவர் ஒரு பழத்துக்குக் கோபித்துக்கொண்டு கோவணத்தோடு மலையேறியவர். ஒவ்வொன்றும் ஏச்சு, ஒவ்வொன்றும் புராணம். கேட்கிற பாட்டிக்கு இது திட்டும் அல்ல, வெறும் துதியும் அல்ல. சிரித்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

வேடம் போட்டவரைத் தொடக் கூடாது. என் நிறம், என் உடம்பு, என் சாதி, என் வீட்டுக்காரர், என் ஊர், நான் பெற்றது பெறாதது எதுவும் வள்ளிக்குச் சொந்தமில்லை. அதேபோல அவர் பல் விழுந்ததும் அவர் குடிப்பதும் நாரதருக்குச் சொந்தமில்லை. எனக்கும் ஆத்திரத்தில் நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிடுவேன்.

இதற்கு நடுவர் ஒருவர் உண்டு, கமிட்டிக்காரர்கள் அவரைக் கவனிப்பதே இல்லை. ஆர்மோனியம் வாசிக்கும் பின்பாட்டுக்காரர். பேச்சு தடம் மாறுகிறது என்று தெரிந்ததும் அவர் சுருதியை ஏற்றி ஒரு பாட்டுக்கு அடி எடுத்துக் கொடுப்பார். மிருதங்கக்காரர் தீர்மானம் என்ற முடிப்புத் தாளம் ஒன்று வைப்பார். பாட்டு வந்துவிட்டால் பேச்சு நின்றே ஆக வேண்டும். எத்தனையோ ராத்திரி என் மானத்தைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான்.

ஒரு ஊரில் ஒருமுறை அதுவும் பலிக்கவில்லை. நாரதர் போட்டவர் பாட்டு முடிந்ததும் மறுபடி அதே இடத்துக்கு வந்தார். நான் எந்தச் சாதியில் பிறந்தவள் என்பதை ஜாடையாகச் சொன்னார். வள்ளி வேடர் குலம் என்று சொல்வதுபோல ஆரம்பித்து, கண்ணால் என்னைக் காட்டினார். சிலர் சிரித்தார்கள். நான் பரணுக்குப் போய் நின்றுகொண்டேன். "சுவாமி, தாங்கள் வேதம் ஓதிய வாய். இந்தச் சபையில் தாய்மார்கள் இருக்கிறார்கள். இப்போது சொன்னது வள்ளிக்கா, எனக்கா? வள்ளிக்கு என்றால் பதில் சொல்கிறேன். எனக்கு என்றால் வேஷத்தைக் கலைத்துவிட்டு வந்து சொல்லுங்கள், நானும் கலைத்துவிட்டு வருகிறேன்" என்றேன். ஒரு எழுத்து மரியாதை குறையவில்லை. கொட்டகை அப்படியே அமைதியானது. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, "வள்ளிக்குத்தான்னு சொல்லு சாமி" என்றார். நாரதரும் "வள்ளிக்குத்தான்" என்றார். அன்றைக்கு மீதித் தர்க்கம் நன்றாகவே போனது.

சாதியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் மேடைக்கு அந்தக் காயம் பழையது. தியாகி விசுவநாததாஸ் எப்பேர்ப்பட்ட நடிகர். அவர் பிறந்த சாதியைச் சொல்லி அவரோடு நடிக்க மறுத்தவர்கள் இருந்தார்கள். அதே மனிதர்தான் தினைப்புனத்தில் குருவி ஓட்டுகிற பாட்டில் வெள்ளைக் கொக்கை விரட்டுகிறேன் என்று பாடி வெள்ளைக்காரனை விரட்டினார். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் அது கொக்கு விரட்டும் பாட்டு. வாசலில் நின்ற போலீஸுக்கும் கேட்ட சனங்களுக்கும் யாரைச் சொல்கிறார் என்று தெரியும். பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 ராத்திரி சென்னையில் வள்ளி திருமணம் மேடையிலேயே, மயில்மேல் முருகனாக இருந்தபோது உயிர் போயிற்று. யாரை ஏச வேண்டும், எப்படி ஏச வேண்டும் என்பதற்கு எங்களுக்கு அவர்தான் பாடம்.

மேலூர் வாசகி அக்கா சொன்னதை நான் மறுக்க மாட்டேன். பெண்ணை மட்டம் தட்டும் வசனம் நிறைய உண்டு. ஆனால் அக்கா, அந்த வசனத்துக்கு மைக்கில் நின்று பதில் சொல்லும் பெண்ணும் அந்த மேடையில்தான் இருக்கிறாள். "பெண் புத்தி பின்புத்தி" என்று நாரதர் சொன்னால், "ஆமாம் சுவாமி, பின்னால் வரப்போவதை முன்பே யோசிக்கும் புத்தி" என்று நான் சொல்கிறபோது பாயில் இருக்கும் பெண்கள் எழுப்பும் சத்தத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அடுப்படியில் வந்து வசனம் சொன்ன ஆண்களுக்கு அந்தப் பதிலும் தெரிந்துதான் இருக்கும். தர்க்கத்தை எடுத்துவிட்டால் போவது என் பதில்தான். பபூன் டான்ஸில் எனக்குப் பேச்சே கிடையாது.

பபூன் டான்ஸுக்கு வேறு கணக்கு. அங்கே மச்சான் மொழி, இரட்டை அர்த்தம் எல்லாம் வரும். அதனால்தான் நல்ல பபூன் முதலில் வந்ததும், "தாய்மார்களே, பெரியோர்களே, சிரிப்புக்காகச் சொல்வது, தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுக்கொண்டு ஆரம்பிப்பார். அந்த அனுமதி அந்தக் காட்சியோடு முடிந்தது. அதைத் தர்க்கத்துக்குக் கொண்டுவந்ததுதான் உங்கள் ஊரில் நடந்த தப்பு.

பதில்: குறுக்கைக்காரர்

ஸ்திரீபார்ட் அம்மா எழுதியதைப் படித்து நெகிழ்ந்துவிட்டேன். லாவணி என்ற போட்டிப் பாட்டு கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

எனக்கு மாயவரம் பக்கம். காமனை எரித்த வீரட்டம் என்று சொல்லும் திருக்குறுக்கை பக்கத்தில்தான் இருக்கிறது. மாசியில் காமன் பண்டிகை வந்தால் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு கோஷ்டி எதிரெதிரே உட்கார்ந்து விடிய விடியப் பாடுவார்கள். கையில் டேப் என்ற தோல்கருவியும் துந்தனா என்ற நரம்புக் கருவியும். மராட்டியர்கள் தஞ்சையை ஆளவந்தபோது கூடவே வந்த கலை. அவர்கள் 1676-இல் வந்து 1855-இல் போனார்கள், லாவணி இங்கேயே தங்கித் தமிழாகிவிட்டது. சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் சாம்பலானான் என்பது ஒரு கட்சி. சாம்பலானவன் ரதியின் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிவான், ஆகவே எரியவில்லை என்பது மறு கட்சி. இரண்டுக்கும் ஆதாரம் ஒரே புராணத்தில் இருப்பதால் வழக்கு முடியவே முடியாது.

அதில் ஏச்சு பலமாக இருக்கும். "எந்தத் திண்ணையில் படித்தாய், ஏட்டைத் தலைகீழாகப் பிடித்தாயா" என்கிற ரகம். ஆனால் அவன் கேட்ட மெட்டிலேயே இவன் பதில் பாட வேண்டும். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட முடியாது, சொல் தாளத்தில் உட்கார வேண்டும், எதுகை விழ வேண்டும், அப்புறம்தான் திட்டு. அந்த நேரத்துக்குள் ஆளின் ஆத்திரம் அடங்கி அறிவு வேலை செய்ய ஆரம்பித்துவிடும். எல்லைக்காவல் செய்தது பாட்டின் கட்டுதான் என்பது என் எண்ணம். பேச்சு வழக்கில் தர்க்கம் செய்கிறவர்களுக்கு இந்தக் காவல் இல்லை, அதனால் உங்கள் பாடு கடினம் அம்மா. இன்று பத்திரிகைகளில் இரண்டு கட்சித் தலைவர்கள் வாய்க்கு வாய் திட்டிக்கொள்வதை லாவணி என்று எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ராத்திரி முழுக்க ஏசியவர்கள் விடிந்ததும் சேர்ந்து மங்களம் பாடி, ஒரே கடையில் காபி குடித்ததைப் பார்த்தவன் நான்.

முக்கூடற்பள்ளு என்ற பழைய நூலில் வரும் ஏசலையும் தம்பி படித்துப் பார்க்க வேண்டும். மூத்த பள்ளி முக்கூடல்காரி, பெருமாள் பக்தை. இளையவள் மருதூர்க்காரி, சிவபக்தை. ஒரே புருஷனுக்கு வாழ்க்கைப்பட்ட சண்டை, ஆனால் ஏச்சு விழுவது தெய்வங்கள் மேல். நாலு முழத் துண்டுக்கு வழியில்லாமல் உங்கள் சாமி புலித்தோல் கட்டியது என்பாள் ஒருத்தி. உங்கள் சாமி சடை வளர்த்து மரவுரி கட்டித் திரிந்ததே என்பாள் மற்றவள். கடைசியில் இருவரும் சமாதானமாகிறார்கள். அம்மா சொன்ன சுடுகாடு, வெண்ணெய், கோவணம் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

பதில்: மட்டுநகர்ச் செல்வி

எங்கள் மட்டக்களப்பிலும் இதற்கு ஒன்று இருந்தது. இப்போது அருகிவிட்டது. கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டு. ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். இரண்டு கொம்புகளை ஒன்றில் ஒன்று கொழுவி, கயிறு கட்டி இருபுறமும் இழுப்பார்கள். எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோல்வி. வென்றவர்கள் தோற்றவர்களைப் பார்த்து வசை பாடுவார்கள். எங்கள் அம்மம்மா சொன்ன சில வரிகளை இங்கே எழுத இயலாது.

ஆனால் அந்த வசை அம்மனுக்கு எடுத்த சடங்குக்குள்தான். சடங்கு முடிந்த பிறகு தெருவில் போகிறவனைப் பார்த்து அதே வரியைப் பாடினால் பெரியவர்கள் கண்டிப்பார்கள். சிங்களவர்களிடமும் பத்தினி தெய்வத்துக்கு அங்கெளிய என்று இதே விளையாட்டு உண்டு, அதிலும் வசை உண்டு. ஆக, தினைப்புனம் அக்கா சொன்ன பபூன் அனுமதி மாதிரிதான் எங்களிடமும். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வயக்காட்டான் அண்ணா, உங்கள் ஊரில் பெண்கள் எழுந்து போனது கெட்ட சொல் கேட்டதால் மட்டும் இருக்காது. இடமும் நேரமும் இல்லாமல் வந்த சொல் என்பதால் போயிருப்பார்கள்.

வயக்காட்டான்

எல்லோருக்கும் நன்றி. தினைப்புனம் அக்கா எழுதியதைக் கமிட்டியில் வாசித்துக் காட்டினேன். தர்க்கம் வேண்டாம் என்ற தரப்பு பாதி இறங்கி வந்துவிட்டது. இப்போது சிக்கல் மறுதரப்பு. போன வருடம் பையன்கள் நூறு ரூபாய் நோட்டோடு சீட்டு எழுதிக் கொடுத்து, "இதைக் கேளுங்க, அதைக் கேளுங்க" என்று நாரதரைத் தூண்டியிருக்கிறார்கள். அன்பளிப்பை நிறுத்தினால் நடிகர்களுக்கு வருமானம் குறையும், அது நம் பாவத்தில் சேரும் என்கிறார்கள். நடிகர்களுக்கு அது உண்மையிலேயே பெரிய தொகையா? நிறுத்தாமல் வழி உண்டா?

தினைப்புனம்

உண்டு தம்பி. அன்பளிப்பு எங்களுக்கு வேண்டியதுதான், நிறுத்தாதீர்கள். பேசின சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் அந்தப் பணத்தில்தான் பல பேர் மறுநாள் பஸ்ஸுக்குக் கொடுக்கிறோம். ஆனால் தர்க்கத்தின் நடுவில் வாங்க வேண்டாம். கமிட்டியில் ஒருவர் மேடை ஓரத்தில் உட்கார்ந்து நோட்டை மட்டும் வாங்கிக்கொள்ளட்டும், சீட்டை வாங்க வேண்டாம். காட்சி முடிந்ததும், யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்று மைக்கில் மொத்தமாக வாசித்துவிடுங்கள். பெயர் மைக்கில் வந்தால் போதும், பையன்களில் முக்கால்வாசிப் பேர் திருப்தி ஆகிவிடுவார்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் அன்றைக்கே ஏஜெண்டிடம் சொல்லுங்கள், நாடகத்தன்று சொல்லாதீர்கள். மேக்கப் போட்டு உட்கார்ந்த மனிதரிடம் வந்து "அசிங்கமாப் பேசாதீங்க" என்றால் நல்ல நடிகருக்கும் முகம் சுண்டிப்போகும். "தர்க்கம் எங்களுக்கு முழுசா வேணும், ஒண்ணரை மணி நேரம் ஆனாலும் சரி, கதையில நின்னு பேசுற நாரதராப் பார்த்துப் போடுங்க" என்று கேளுங்கள். இதில் யாருக்கும் குறை தெரியாது, யாரை அனுப்பக் கூடாது என்று ஏஜெண்டுக்குப் புரிந்துவிடும். நாரதரைப் பேசும்போதே பின்பாட்டுக்காரர் யார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அனுபவம் உள்ளவராக வேண்டும் என்று அடம்பிடியுங்கள், அதற்காக ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தாலும் தகும்.

பெண்கள் உட்காருவதற்கு மேடைக்கு நேர் முன்னால் இடம் விடுங்கள், பையன்கள் பக்கவாட்டில் நிற்கட்டும். நாங்கள் பேசும்போது கண்ணுக்கு எதிரே யார் இருக்கிறார்களோ அவர்களைப் பார்த்துத்தான் பேச்சு வரும். அப்புறம், ஸ்திரீபார்ட்டும் டான்ஸ் பெண்ணும் உடை மாற்ற உள்ளே தாழ்ப்பாள் போடும் அறை ஒன்று கோயில் பக்கமே பார்த்து வையுங்கள். தென்னங்கீற்று மறைப்புக்குப் பின்னால் ஓட்டை வழியாகப் பையன்கள் எட்டிப் பார்க்கும் ஊரில், மேடையில் மட்டும் மரியாதை கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

திருவிழா எந்த மாதம் என்று சொல்லவில்லை. பங்குனி, சித்திரை என்றால் இப்போதே தேதியைக் கொடுத்துவிடுங்கள். அந்த இரண்டு மாதமும் நல்ல நாரதர்களுக்கு ஒரு ராத்திரிகூட ஓய்வு இருக்காது.